இல்லாத நாற்காலி

"பின்னாடி ஒரு சேர் இருக்கிறதா நினைச்சுக்குங்க. இப்ப அதுல உக்காருங்க" என்றான் பயிற்சியாளன்.

அவள் முழங்காலை மடக்கினாள்.

பட்டுச்சேலைப் பிரிவில் முப்பது பெண்கள், ஒரே நிறச் சேலையில், இல்லாத நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

கடை திறக்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது. ஊழியர் நலத் திட்டமாம். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த சின்ன முதலாளி செய்த முதல் நல்ல காரியம். இரண்டாவதை நினைத்தாலே அவளுக்குக் கதிகலங்கியது.

உட்கார்ந்தே வேலை பார்ப்பதுதான் இந்தக் காலத்தின் பெரிய வியாதி என்று தொடங்கும்போதே சொல்லிவிட்டான் பயிற்சியாளன். ஒட்டிப் பிடித்த பனியனும் அவனும். மணிக்கு ஒரு தடவையாவது எழுந்து நடக்க வேண்டுமாம்.

காலை பத்திலிருந்து இரவு ஒன்பது வரை அவள் நிற்கிறாள். பதினான்கு வருடமாக நிற்கிறாள்.

இதை அவனுக்கு யாராவது சொல்லியிருக்கலாம். சின்ன முதலாளி சொல்லியிருக்கலாம். அவர் வாடிக்கையாளர் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து, தலையாட்டிக்கொண்டிருந்தார்.

இடது கெண்டைக்காலில் நரம்பு பச்சையாகச் சுருண்டு கிடந்தது. போன வாரம் டாக்டர் அதை அழுத்திப் பார்த்தார். மணிக்குப் பத்து நிமிடமாவது உட்காரு, இல்லாவிட்டால் புண்ணாகிவிடும், அப்புறம் லேசில் ஆறாது என்றார்.

அன்றே சூப்பர்வைசர் முத்தரசுவிடம் போய் ஸ்டூல் கேட்டாள்.

கடையில் ஸ்டூல் இல்லாமல் இல்லை. வேலை பார்ப்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்ததும் ஆறு வாங்கினார்கள். லேபர் ஆபீசர் வருகிற அன்று ஆறும் வெளியே வரும். அவர் தலை மறைந்ததும் ஐந்து ஸ்டோர் ரூமுக்குள் போய்விடும். ஆறாவதன் மேல் துணிக்கடைப் பொம்மை நிற்கும், அரக்குப் பட்டு கட்டிக்கொண்டு. உயரத்தில் நின்றால்தான் சேலை எடுப்பாகத் தெரியுமாம்.

ஆறிலும் வாங்கிய அன்று இருந்த பிளாஸ்டிக் உறை இன்னும் கிழியவில்லை.

"உனக்குக் குடுத்தா முப்பது பேரும் கேப்பாங்க" என்றார் முத்தரசு. அத்துடன் பேச்சு முடிந்தது.

மீறி உட்கார்ந்தால் கேமராவில் தெரியும். போன மாதம் ஒருத்தி பெட்டி மேல் உட்கார்ந்தாள். மறுநாள் அவள் வேலைக்கு வரவில்லை. வர வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள்.

"இன்னும் இருபது செகண்டு. சிரிச்சுக்கிட்டே!"

முத்தரசு செல்போனில் படம் எடுத்தார். பேப்பரில் போடுவார்களாம்.

கெண்டைக்கால் எரிந்தது. அவள் அசையவில்லை. பயிற்சியாளன் அவள் முன்னால் வந்து நின்று கை தட்டினான்.

"எல்லாரும் அக்காவைப் பாருங்க. கால்ல என்ன ஒரு பலம்!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வலியைத் தாண்டிக்கொண்டு வந்த சிரிப்பு. பெரிய படிப்புப் படித்தவன் ஒருத்தன், அவன் கூட்டிவந்த மடையன் ஒருத்தன், படம் பிடிக்க ஒருத்தர். இந்த மாதிரி ஆட்களுக்கா பதினான்கு வருடம் பயந்தோம் என்றிருந்தது.

நிமிர்ந்தாள்.

வரிசையை விட்டு நடந்தாள். பொம்மையை இடுப்போடு அணைத்துத் தூக்கிக் கீழே இறக்கினாள். கொண்டுவந்து தன் இடத்தில் நிறுத்தினாள். கொசுவத்தைக்கூடச் சரிசெய்தாள்.

பிறகு ஸ்டூலை இழுத்துவந்து போட்டு உட்கார்ந்தாள்.

பிளாஸ்டிக் உறை சரசரத்தது.

"என் இடத்துல அது நிக்கும் தம்பி. அதுக்குக் கால் வலிக்காது" என்றாள் பயிற்சியாளனிடம்.

முத்தரசு செல்போனை இறக்கினார். சின்ன முதலாளி, அன்று காலையில் முதல் தடவையாக, எழுந்து நின்றார்.

பக்கத்தில் சகாயமேரி இன்னும் இல்லாத நாற்காலியில்தான் இருந்தாள். தொடை வெடவெடத்தது. இருபது வருடமாக யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள். அதனாலேயே ஸ்டோர் ரூம் சாவியை அவளிடம் கொடுத்து வைத்திருந்தார்கள். அது எப்போதும் அவள் இடுப்பில்தான் தொங்கும்.

சகாயமேரி நிமிர்ந்தாள்.

கை இடுப்புக்குப் போனது.