மூவாயிரம் வருஷத்து முகம்

அந்தப் பழம்பொருள் கடைக்காரருக்குத் தெருவில் வைத்த பெயர் 'தாத்தா காலம்'. போன மாதம் வாங்கிய சுவர்க் கடிகாரத்தைக்கூட எங்கள் தாத்தா காலத்தது என்று கண்ணிமைக்காமல் விற்றுவிடுவார். புது வரைபடத்தைத் தேநீரில் ஊறவைத்து, மொட்டை மாடியில் காயப்போட்டு, ஒரே மத்தியானத்தில் அதற்கு முந்நூறு வயது ஏற்றிவிடுவார். அப்படி ஒரு கைராசி.

இன்று மேசையில் வெல்வெட் துணி விரித்து அவர் வைத்திருந்தது அந்த மாதிரிச் சில்லறைச் சரக்கு இல்லை. சீனத்து வெண்கல விலங்கு முகமூடி. இரண்டு கொம்பு, பிதுங்கிய கண், சுருண்ட மூக்கு, மேலெல்லாம் பச்சைக் களிம்பு. வயது மூவாயிரம் என்று வாங்க வந்தவரிடம் சொல்லியிருந்தார்.

உண்மையான வயது ஐந்து மாதம். வார்த்தது அவருடைய மனைவியின் தம்பி. அவனுக்குப் பட்டறை வைத்துக் கொடுத்து, அசலைப் பார்த்து அளவெடுக்கட்டும் என்று அருங்காட்சியகத்தில் கண்ணாடி துடைக்கிற வேலையிலும் சேர்த்துவிட்டது தாத்தா காலம்தான். பத்து வருஷமாகத் தண்டச்சோறு என்று திட்டு வாங்கியவன் உருப்படியாகச் செய்து கொடுத்த முதல் பொருள் இது. இது விற்றால் கடையை மூடிவிட்டு, மலைப்பக்கம் ஒரு வீடு வாங்கி, மிச்ச காலத்தைப் பொய் சொல்லாமல் கழிப்பதாக மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

வாங்க வந்தவர் பல் டாக்டர். வருவது இரண்டாவது தடவை. முகமூடியின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"கீழ்த்தாடையைக் காணோமே?"

"அந்தக் காலத்துல வைக்க மாட்டாங்க சார். உங்க தொழில் புத்தி அங்கதான போகுது."

"காகிதம் ஏதாவது இருக்கா?"

தாத்தா காலம் குரலைத் தாழ்த்தினார். "போன வாரமே சொன்னேனே சார். திருட்டுப் பொருளுக்கு ஏது காகிதம்? அருங்காட்சியகத்துல இருக்கிறது போலி. ஆளை வெச்சு மாத்திட்டோம். அசல் உங்க கையில இருக்கு."

இதுதான் அவருடைய தொழில் நுட்பம். போலியை அசல் என்று விற்றால் சான்றிதழ் கேட்பார்கள். திருடியது என்று சொல்லிவிட்டால் யாரும் எதுவும் கேட்பதில்லை. வாங்கியவன் அதை நாலு பேருக்குக் காட்டவும் மாட்டான், ஏமாந்தது தெரிந்தாலும் போலீசுக்குப் போக மாட்டான். பெரிய மனிதர்களுக்குத் திருட்டுப் பொருள் மேல் இருக்கிற நம்பிக்கை கடைச் சரக்கின் மேல் இருப்பதில்லை.

"நீங்களே திருடினதா?"

"ஏற்பாடு நம்மளுது சார்."

பல் டாக்டர் தலையாட்டினார். சட்டைப் பையிலிருந்து எடுத்தது பணம் இல்லை. அட்டை. அதில் அவருடைய படமும், போலீஸ் இலாகாவின் முத்திரையும் இருந்தன.

"போன மாசம் ஒரு வக்கீல்கிட்டயும் இதே கதையைச் சொல்லியிருக்கீங்க. அவர் எங்ககிட்ட வந்துட்டார். வாங்க, போகலாம். பத்து வருஷமாவது ஆகும்."

தாத்தா காலம் பயந்துவிடவில்லை. பக்கென்று சிரித்தார்.

"உட்காருங்க சார். நான் திருடன் இல்லை, வெறும் ஏமாத்துக்காரன். இது போலி. என் மச்சினன் வார்த்தது. திருட்டுன்னு சொன்னது வியாபாரத்துக்காக."

"அப்படியா?"

"சத்தியமா. இந்தக் கடிகாரம் போன மாசம் வாங்கினது. இந்த வரைபடத்தை மோந்து பாருங்க, டீ வாசனை வரும். அந்த வாள் தகரம். என் கடையில அசல்னு ஒரே ஒரு பொருளைக் காட்டுங்க பார்ப்போம்."

மோசடி என்றால் ஆறு மாதம், அதிலும் ஜாமீன் கிடைக்கும். திருட்டு என்றால் வெளியே வரும்போது அவருக்கே பழம்பொருள் வயது ஆகியிருக்கும். அதனால் வாழ்நாளில் முதல் தடவையாக, மூச்சு விடாமல், உண்மையாகப் பேசித் தள்ளினார். இருபது வருஷம் பொய்யை நம்பிய தெருவில், அந்த உண்மையை வாங்க ஆள் இல்லை.

"கதை நல்லா இருக்கு," என்றார் அதிகாரி. "ஆனா அருங்காட்சியகத்துல இருக்கிறதை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினோம். நேத்து முடிவு வந்தது. அது போலி. வார்த்து ஆறு மாசம்கூட ஆகலையாம்."

"அங்க எவன் சார் போலியைக் கொண்டுபோய் வைப்பான்? அவங்களுக்குச் சோதிக்கத் தெரியலை." தாத்தா காலத்துக்கு இப்போதுதான் வியர்த்தது. கல்லாவில் உட்கார்ந்திருந்த மனைவி பக்கம் திரும்பினார். "ஏய், வாயைத் திறந்து சொல்லேன். இது உன் தம்பி செஞ்சதுதானே?"

அவள் கல்லாவின் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செஞ்சான். செய்யலைன்னு சொல்லலை."

"அப்புறம் என்ன? சார்கிட்ட சொல்லு."

"கொம்பு ரெண்டும் கோணிப்போச்சு. நீங்கதான் எதைச் செஞ்சாலும் அவனைத் தண்டச்சோறுன்னு திட்டுவீங்களே," என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"அந்தப் பயத்துல, என் தம்பி தான் செஞ்சதை அங்க கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சிட்டு, அங்க இருந்ததை எடுத்து வந்து உங்ககிட்ட குடுத்துட்டான்."