கத்திரிப்பூ நிறப் புள்ளி

இசை வாசலிலேயே கேட்டது.

அவன் இரண்டு கைகளாலும் கணினியை மார்போடு அணைத்திருந்தான். அழைப்பு மணியை அழுத்த வழியில்லை. கதவைக் காலால் தட்டினான்.

தண்டபாணி திறந்தான்.

"கொண்டாந்துட்டயா? வா, வா. காப்பி போடறேன்."

எண்பதுகளில் வந்த கணினி. விசைப்பலகைக்குள்ளேயே மொத்தமும் அடங்கிவிடும் வகை. உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் எலிப் புழுக்கையோடு கிடந்ததை அவன் தூக்கி வந்து, ஒரு வருடம் உட்கார்ந்து உயிர் கொடுத்திருந்தான்.

கொன்றதும் அவன்தான்.

இன்று உதிரி பாகத்துக்காக அதைத் தண்டபாணிக்குக் கொடுத்துவிட வந்திருக்கிறான். இனி இந்த வேலையே வேண்டாம்.

சித்திரையில் ஒரு ஞாயிறு. அவன் வீட்டில் இருவருமாக அதைத் திறந்து தூசி தட்டிக்கொண்டிருந்தார்கள். தெருவில் தண்ணீர் லாரி வந்தது. அவன் குடங்களைத் தூக்கிக்கொண்டு ஓடினான். தண்டபாணி மாடி அறையிலேயே இருந்தான்.

திரும்பி வந்து மிச்சத்தைத் துடைத்துவிட்டு சுவிட்சைப் போட்டான். படம் வந்தது. ஒலி வரவில்லை.

"ஸ்ட்ராப் கட்டீருந்தயாடா?" என்று தண்டபாணி கேட்டான்.

பழைய சிப்புகளைத் தொடுமுன் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டி, அதன் வயரை எர்த்தில் மாட்ட வேண்டும். உடம்பில் ஊறும் துளி மின்சாரம் போதும், சிப் செத்துவிடும். அரிச்சுவடிப் பாடம்.

பட்டை மேஜைமேல் கிடந்தது. தண்ணீருக்கு ஓடும்போது கழற்றி வைத்தது. திரும்பி வந்து கட்டாமலேயே உள்ளே கை வைத்திருக்கிறான்.

அந்த ஒலிச் சிப்பை இப்போது உலகத்தில் யாரும் செய்வதில்லை.

"உட்றா. நம்ம கையி முன்ன மாதிரியா?" என்று தண்டபாணி தோளில் தட்டிக்கொடுத்தான்.

அதன் பிறகு அவன் மூடியைத் திறக்கவே இல்லை. சாலிடரிங் இரும்பைப் பரணில் போட்டான். குளியலறையில் பல்பு போனால்கூட எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டான். மனைவி ஒருமாதிரி பார்த்தாள். சாப்பிடும்போது சில சமயம் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பான்.

இப்போது தண்டபாணியின் மேஜையில் அதே வகைக் கணினி, மூடி திறந்தபடி, பாடிக்கொண்டிருந்தது. பல வருடம் ஊமையாகக் கிடந்தது. பெங்களூர்க்காரர் ஒருவரிடம் சிப் கிடைத்ததாகத் தண்டபாணி சொல்லியிருந்தான். கேட்டபோது அவனுக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. ஒருவருடையதாவது பாடட்டும் என்று நினைத்தான்.

அடுக்களையில் பாத்திரம் உருண்டது.

கொண்டுவந்ததைத் தரையில் வைத்துவிட்டு அவன் குனிந்தான். பழக்கம். திறந்து கிடக்கும் பலகையைப் பார்த்தால் அவனால் குனியாமல் இருக்க முடியாது.

ஒலிச் சிப்பின் விலாவில் கடுகளவு ஒரு புள்ளி.

கத்திரிப்பூ நிறம்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான்.

சோதித்து நன்றாக இருக்கிறது என்று தெரிந்த ஒவ்வொரு சிப்புக்கும் அவன் ஒரு பொட்டு வைப்பான். மனைவியின் நகச்சாயம், குண்டூசி முனையில் தொட்டு. முகப்பில் வைத்தால் அழகு கெடும் என்று விலாவில் வைப்பான். குனிந்து பார்ப்பவர்களுக்குத்தான் தெரியும். தண்டபாணி குனிந்து பார்க்கிறவன் இல்லை.

தரையில் இருந்த தன் கணினியின் பக்கம் திரும்பினான். மேஜையிலிருந்த திருப்புளியால் திருகுகளைக் கழற்றி மூடியைத் தூக்கினான்.

ஒலிச் சிப் இருந்தது. எல்லாப் பக்கமும் பார்த்தான்.

பொட்டு இல்லை.

அப்படியானால் இதுதான் தண்டபாணியின் ஊமைச் சிப்; அவன் தண்ணீருக்கு ஓடிய நேரத்தில் மாற்றி வைத்தது. சித்திரையிலிருந்து தன் வீட்டு அலமாரியில், ஒரு பழைய துண்டால் மூடி, துக்கம் காத்தது இதற்குத்தானா?

இசை மேலே ஏறி, ஒரு கணம் நின்று, இறங்கியது. அந்த இடம் அவனுக்கு மிகவும் பிடிக்கும்.

சிப்பை எடுத்துக்கொண்டதுகூடப் போகட்டும். கேட்டிருந்தால் கொடுத்திருப்பான். ஒரு வாரம் திட்டிவிட்டுக் கொடுத்திருப்பான்.

கையை அல்லவா எடுத்துக்கொண்டான். எடுத்துக்கொண்டு தோளிலும் தட்டிக்கொடுத்தான். பாவி.

கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் அழுதுவிடுவான் என்று தெரிந்தது.

மேஜைக் காலில் அடித்த ஆணியில் தண்டபாணியின் பட்டை தொங்கியது.

எடுத்தான். மணிக்கட்டில் சுற்றி, இறுக்கி, வயரை எர்த்தில் மாட்டினான்.

சுவிட்சை அணைத்தான்.

இசை பாதியில் நின்றது.

"ஏன்டா அமத்திப்போட்டே?" என்று கேட்டுக்கொண்டே தண்டபாணி அடுக்களையிலிருந்து வந்தான்.

இரண்டடி வந்தான். தரையில் மூடி இல்லாமல் கிடந்த கணினியைப் பார்த்தான். பிறகு அவன் மணிக்கட்டைப் பார்த்தான்.

அவன் நிமிரவில்லை. சிப் பிடுங்கும் இடுக்கியை எடுத்தான். அதன் இரண்டு பற்களும் புள்ளி வைத்த சிப்பின் இரண்டு முனைகளிலும், பிசகாமல், போய் உட்கார்ந்தன.

முதுகுக்குப் பின்னால் தபராவும் டம்ளரும் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

தண்டபாணி இன்னும் காப்பியைக் கீழே வைக்கவில்லை.