எந்த சைட்டுல பாத்த?

அந்தப் பொடியை எங்கே வாங்கினாள் என்று ரோசலின் வாயைத் திறக்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் முடிய இன்னும் அரை மணி இருந்தது. தம்பி ஆனந்த்ராஜ் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பச்சை மூடி போட்ட டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அக்காவின் கைப்பையிலிருந்து எடுத்தது. நாலைந்து மூலிகைப் பெயர்கள், சிரிக்கும் ஒரு டாக்டர் படம். ஊர் பெயர் இல்லை. ஒரு போன் நம்பர் இருந்தது. காலையிலிருந்து அதைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டான். சுவிட்ச் ஆஃப்.

முந்தாநாள் பேகம்பூரில் தன் தையல் கடையில், பாதி தைத்த ஜாக்கெட்டோடு மிஷின் மேலேயே சரிந்துவிட்டாள் ரோசலின். சர்க்கரை ஐந்நூறைத் தாண்டியிருந்தது. இரண்டு மாதமாக அவள் மாத்திரையை விட்டுவிட்டு இந்தப் பொடியைத்தான் சாப்பிட்டிருக்கிறாள் என்பது அதன்பிறகுதான் தெரிந்தது. வலது காலில் கட்டைவிரலும் அடுத்த விரலும் கறுத்துப்போயிருந்தன. இரண்டையும் எடுக்க வேண்டி வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மிஷினை மிதிக்கிற கால்.

ஆனந்த்ராஜுக்கு முதலில் சுகன்யா மேல்தான் சந்தேகம். கடையில் அக்காவோடு உட்கார்ந்து தைப்பவள். உடம்பு இளைக்க ஏதோ பவுடர் என்று வருகிறவர்களிடமெல்லாம் விற்றுக்கொண்டிருந்தாள். காலையில் நேரே கடைக்குப் போய் டப்பாவை அவள் முன்னால் வைத்தான்.

"சத்தியமா நான் குடுக்கலண்ணே" என்று சுகன்யா அழுதாள். அவள் அழுத விதமே சரியில்லை என்று அவனுக்குப் பட்டது.

அடுத்து மருந்துக்கடைக்காரர். அவர் டப்பாவைக் கையில் வாங்கிப் பார்க்கக்கூட மறுத்துவிட்டார். அதுவும் சந்தேகமாக இருந்தது.

இப்போது அக்காவின் போனைத் துழாவினான். வாட்ஸ்அப்பில் ஜெபக்குழு, ஜாக்கெட் டிசைன், கரண்ட் பில். பொடியைப் பற்றி ஒரு வரி இல்லை.

"ஆன்லைன்லயா வாங்குன?"

ரோசலின் சுவரைப் பார்த்தபடி ஆமென்று தலையாட்டினாள்.

"கண்ட கண்ட சைட்டுக்குள்ள போகாதன்னு எத்தனை தடவை சொல்லிருக்கேன்?"

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் கண்டதையும் பாக்குறவளா தம்பி? நாள் பூரா மிஷின்ல கெடக்கேன். மத்தியானம் சோறு திங்கும்போது செத்த நேரம், ஒண்ணே ஒண்ணுதேன் பாப்பேன்."

"எந்த சைட்டுல பாத்த? காட்டு."

"வேணாம் விடு."

"காட்டுக்கா!"

பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள். ரோசலின் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு டிரிப்ஸ் ஏறாத கையால் போனை வாங்கி, ஒரு இடத்தில் தொட்டு, அவனிடம் நீட்டினாள்.

திண்டுக்கல் செய்திகள் வரிசையாக வந்தன. நாளை மின்தடை ஏற்படும் பகுதிகள். ஆத்தூர் அணை நீர்மட்டம். நிலக்கோட்டையில் மல்லிகை விலை.

அவன் கட்டைவிரல் திரைக்கு மேல் அப்படியே நின்றது.

கொஞ்ச நேரத்தில் எல்லாச் செய்தியையும் மறைத்துக்கொண்டு ஒரு பெட்டி எழுந்தது. வெள்ளைக் கோட்டு போட்டு, டப்பாவில் சிரித்த அதே டாக்டர். 'சர்க்கரை மாத்திரையை இன்றே நிறுத்துங்கள்! திண்டுக்கல் பெண்மணியின் அனுபவம்.' மின்தடைச் செய்தி இருந்த அதே எழுத்தில், அதே நிறத்தில் இருந்தது. மேல் மூலையில் எள்ளளவுக்கு ஒரு பெருக்கல் குறி. அதை அழுத்தினான். மூடவில்லை. பெயரும் முகவரியும் கேட்டு வேறொரு பக்கம் திறந்தது.

பின்னால் போய் மறுபடி அழுத்தினான். மறுபடியும் அதே பக்கம்.

"எனக்கும் இப்பிடித்தேன் ஆச்சு" என்றாள் ரோசலின். "வேற எதுலயாச்சும் வந்திருந்தா சீண்டிருக்க மாட்டேன். இதுல வந்துச்சேன்னுதேன் நம்புனேன்."



டாக்டரம்மா வந்தார். கால் கட்டைப் பிரித்துப் பார்த்தார். டப்பாவைக் கையில் எடுத்தார்.

"எதுல பாத்து வாங்குனாங்கன்னு தெரிஞ்சுதா? இந்த மாசத்துல இதே டப்பாவோட வந்த மூணாவது ஆள் இவங்க. ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கிறாங்க. சைட்டு பேரு தெரிஞ்சா இன்னிக்கே புகார் எழுதிருவேன்."

ரோசலின் தம்பியின் கையிலிருந்து போனைப் பறித்துத் தலையணைக்கு அடியில் செருகினாள்.

"ஞாபகம் இல்லீங்க டாக்டர். ஏதோ ஒண்ணு. அழிஞ்சு போச்சு."

டாக்டரம்மா அவளைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். காலையில் சுகன்யாவை அவன் அப்படித்தான் பார்த்திருந்தான்.

அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

ஆனந்த்ராஜ் எழுந்தான். ரோசலின் அவன் சட்டை நுனியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"பேசாம உக்காரு அப்பு" என்றாள், உதடு அசையாமல். "எனக்கு வெரலு தானே போகுது. உனக்குப் பொழப்பே போயிரும்."

அவன் அவள் பிடியை மெதுவாக விடுவித்தான்.

"டாக்டர்" என்றான்.   டாக்டரம்மா திரும்பினார்.

"விளம்பரத்தை ஏஜென்சிக்காரன் போடுறான். அதுல என்ன வருதுன்னு நான் ஒருநாளும் பாத்ததில்ல. அந்த சைட்டை நடத்துறது நான்தேன் டாக்டர்."