முழு வாக்குறுதி

'இன்பத்திலும் துன்பத்திலும், உடல்நலத்திலும் நோயிலும்' என்று வரும் திருமண வாக்குறுதியை மாப்பிள்ளையே முழுவதும் சொல்லலாம். அல்லது அதை ஃபாதர் கேட்க, "ஆம்" என்று மட்டும் பதில் சொல்லலாம். பாலக்கரை பங்குக் கோயில் அலுவலகத்தில் ஆசீர் இரண்டாவதைக் கேட்டான்.

பெண்ணின் பெரியப்பா அன்றுதான் மணப்பாறையிலிருந்து வந்திருந்தார். அவருக்குப் பொறுக்கவில்லை.

"'நோயிலும்'னு சொல்லவே உங்க பையனுக்கு வாய் வரலையே! நாளைக்கு எங்க பொண்ணு படுத்துட்டா கைவிட்டுருவாரோ?" என்று ஆசீருடன் வந்திருந்த பாக்கியமேரியிடம் பாய்ந்தார்.

பாக்கியமேரி எழுந்துவிட்டாள்.

"யாரைப் பாத்து என்ன கேக்குறீங்க? போன தடவை முழுசாச் சொன்னவருங்க இவரு. சொன்னபடியே மூணு வருஷம் என் மகளைத் தூக்கிக் குளிப்பாட்டினாரு. அவ கண்ணை மூடின அன்னிக்குக் காலையிலகூட இவர்தான் தலை வாரிவிட்டாரு. மறுபடி அதே வரியைச் சொல்லச் சொல்லி வதைக்காதீங்க!"

ஃபாதர் படிவத்தில் இரண்டாவதைக் குறித்துக்கொண்டார்.

வெளியே வந்து ஆசீர் பைக்கைக் கிளப்பினான்.

"ஏறுங்க, அத்தை" என்றான், எப்போதும் போல.