தடிப்பு

காலை பதினொன்றே காலுக்கு கனகவல்லியின் கையில் நர்ஸ் வரிசையாக அலர்ஜி டெஸ்ட் சொட்டுகள் வைத்து, ஒவ்வொன்றின் மேலும் ஊசியால் லேசாகக் குத்தினாள். டாக்டர் வரும்வரை சொறியக் கூடாது என்றாள். ஒரே ஒரு சொட்டு வைத்த இடம் மட்டும் கொசு கடித்ததுபோலத் தடித்தது. அரிப்பு தாங்காமல் கனகவல்லி நாற்காலியில் நெளிந்தாள்.

"சாதாத் தும்மலுக்குப் போய் இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" கணவன் தணிகைவேல் கைப்பேசியைப் பார்த்தபடியே சிரித்தான்.

டாக்டரம்மா வந்து தடிப்பை அளந்தார். "பூனை அலர்ஜி. வீட்ல எத்தனை வருஷமா பூனை வளர்க்கறீங்க?"

"பூனையே கிடையாதே டாக்டர். இவர் வெளியூர் போயிட்டு வந்த துணியைத் துவைக்கறப்பதான் தும்மல் பிடிச்சுக்கும்."

"முதல் தடவையே வராதும்மா. உடம்புல காவல் இருக்கற செல்கள் சத்தமில்லாம அடையாளம் வச்சுக்கும். பூனை முடி திரும்பத் திரும்ப வந்தாத்தான் சண்டைக்கு நிக்கும்."

தணிகைவேல் கைப்பேசியைப் பையில் போட்டான். பேன்ட்டின் முழங்காலைத் தட்டிவிட்டான். மறுபடியும் தட்டினான். அங்கே எதுவும் ஒட்டியிருக்கவில்லை.

கனகவல்லிக்கு அரிப்பு மறந்துபோயிற்று. அவன் பக்கம் திரும்பினாள்.

"அந்தப் பூனை என்ன கலருங்க?"