பனி நாளில் கிளம்பாத கார்

மலையில் பனி இறங்கினால் மணிவேலின் பழைய கார் கிளம்பாது. அவன் தினமும் அதில் கொண்டுபோய் விடும் மனைவி செவ்வந்தி, அன்றெல்லாம் ஒடுகத்தூரில் பார்க்கும் நர்ஸ் வேலைக்கு பஸ் பிடித்து ஓடுவாள். இன்று அவளே மெக்கானிக் பூவரசனை அழைத்து வந்தாள்.

அவர் இன்ஜினுக்கு மின்பொறியைப் பிரித்துக் கொடுக்கும், ஈரம் பட்டால் வேலை செய்யாத டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றிப் பார்த்தார்.

"விரிசல் இல்ல, ஒயரும் நல்லா இருக்குது. ஆனா உள்ள தண்ணி நிக்குதே! யாரோ ஊத்துன மாரி இருக்குதும்மா."

செவ்வந்தி கணவனைப் பார்த்தாள்.

"நான்தான் ஊத்துனேன்," என்றான் மணிவேல். "கண்ணு மங்கிடுச்சு செவ்வந்தி. வெயில்ல சமாளிச்சிக்கிறேன், பனியில ரோடே தெரியல. உன்ன வச்சிகினு வளைவுல திரும்ப பயமா இருக்குது. சொல்ல வெக்கமா இருந்துச்சு."

செவ்வந்திக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"கண்ணுதானா? நான் வேலைக்குப் போறது உங்களுக்குப் புடிக்கலையோன்னு பயந்துட்டேன்! கெளம்புங்க, பஸ்லயே போய் டாக்டர்கிட்ட காட்டலாம்."