பெரிய குட்டி

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, ஒலிப்பதிவுக் கூடத்தின் சின்ன அறையில், தாய் நரிக் கதையின் நடுவே இரண்டு பக்கங்கள் விடுபட்டன.

வாசித்தவள் பல வருடங்களாகக் குரலை வைத்துப் பிழைப்பவள். விட்டது அவளுக்கே தெரியவில்லை.

கண்ணாடிக்கு அப்பால் இருந்த ஒலிப்பதிவாளன் கையைத் தூக்கினான். “அக்கா, ரெண்டு பக்கத்த அப்படியே முழுங்கிட்டீங்க. காலைல சாப்பிடலையா?”

“போடா. இந்தக் கதைய தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.”

எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளைத் தூங்கவைத்த பழைய புத்தகம். அவளும் அம்மாவின் மடியில் கேட்டு வளர்ந்தவள்தான். காட்டில் விடாமல் மழை. தாய் நரி இரண்டு குட்டிகளோடு ஆற்றங்கரைக்கு வரும். தாளைத் திருப்பினால் மலைக்குகை, தாய் நரி, அதன் வயிற்றோடு ஒட்டியபடி சின்னக் குட்டி.

அவர்கள் வீட்டுப் புத்தகத்தில் அந்த ஒரு தாள் மட்டும் அட்டை மாதிரித் தடித்திருக்கும். ஓரத்தில் காய்ந்த பசை. அதை விரலால் நெருடிக்கொண்டே, பெரிய குட்டி எங்கே என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள்.

“பின்னாடி வருது. நீ தூங்கு” என்பாள் அம்மா.

பழகிய விரல், இந்தப் புதுப் புத்தகத்திலும் இரண்டு தாள்களைச் சேர்த்தே திருப்பியிருந்தது.

பிரித்துப் படித்தாள்.

ஆறு பெருகிவிட்டது. தாய் நரிக்கு இருப்பதோ ஒரே வாய். நீ பெரியவன், என் வாலைக் கவ்விக்கொண்டே வா என்று மூத்ததிடம் சொல்லிவிட்டு, சின்னதைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கியது. நடு ஆற்றில் வால் லேசானது. வாயில் குட்டி இருந்ததால் தாய் நரியால் கூப்பிடக்கூட முடியவில்லை.

அண்ணனை அவளுக்குப் புகைப்படத்தில்தான் தெரியும். வெள்ளத்தில் போய்விட்டான், அப்போது நீ கைக்குழந்தை. வீட்டில் சொன்னது அவ்வளவுதான்.

அன்று அம்மாவின் இடுப்பில் யார் இருந்தது என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

“அக்கா, போலாமா?”

தலையாட்டினாள். ஒலிவாங்கிக்கு நேராக நகர்ந்து உட்கார்ந்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது.

ஒலிப்புத்தகம் அடுத்த மாதம் வெளிவந்தது. ஆற்றைக் கடக்கும் இடம் மட்டும் வேறொரு பெண்ணின் குரலில் இருக்கிறது.